தாய்மாமன் மடியும் செந்தட்டிக் கொடியும்

என் தங்கை மகளுக்குக் காதுகுத்து என்று முடிவானதும் எங்கள் வீட்டில் எல்லாரும் முதலில் பார்த்தது என் மடியைத்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடிக்க வேண்டும், காது குத்த வேண்டும். மாமன் அறிவாளியா, அழகனா, அலுவலகத்தில் நல்ல பெயர் எடுத்தவனா என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். மடி இருந்தால் போதும். எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்தி, அவளுக்கு அண்ணன் நான் ஒருவன். ஆகவே போட்டியே இல்லாமல் எனக்கு வரவேண்டிய பதவி அது. வேறு எதுவும் எனக்குப் போட்டியில்லாமல் கிடைத்ததில்லை என்பதால் அதன்மேல் கொஞ்சம் கூடுதலாகவே ஆசை வைத்திருந்தேன்.

ஆனால் போட்டி முளைத்தது. தங்கையை வாசுதேவநல்லூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுடைய மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை பெரிய சுத்தக்காரர். கொரோனா என்ற பெயரை உலகம் கேள்விப்படும் முன்பே, வீட்டுக்கு வந்தவர்களைக் கால் கழுவ வைத்து, கை கழுவ வைத்து, அதற்கப்புறம்தான் ‘வாங்க’ என்று சொன்னவர். இப்போது கைப்பையில் சானிடைசர் இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டார். குழந்தைக்குப் பேர் வைத்த அன்று நான் பஸ் கிடைக்காமல் நேரம் கழித்து, வேர்த்து வடிந்துபோய்ச் சேர்ந்தேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாமன்காரன் இந்தக் கோலத்துல வந்தாருன்னா காதுகுத்துக்கு எங்க தங்கச்சி மகன் மடியிலதான் பிள்ளைய வைக்கணும்" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தத் தங்கச்சி மகனும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். ஜிம்முக்குப் போகிற பையன். அவன் உட்கார்ந்தால் மடி பெஞ்சுப் பலகை மாதிரி இருந்தது. என்னுடையது அப்படி இல்லை.

காதுகுத்து ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் என்று நாள் குறித்தார்கள். இடம் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வமான சாஸ்தா கோயில். பனவடலிசத்திரம் பக்கத்தில் ஒரு குளத்தங்கரையில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் அலைமோதும், மற்ற நாட்களில் செடிகொடிதான் சாமியைச் சுற்றி வரும். பந்தல் போட இடம் வேண்டுமே என்று ஆடி முடியப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் தங்கை வீட்டுக்காரரும் துப்புரவு செய்யப் போனோம்.

மாப்பிள்ளை எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். எந்த வேலைக்கும் ஒரு உறையோ மூடியோ டேப்போ அவர் கைவசம் இருக்கும். பைக் பெட்டியிலிருந்து இரண்டு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்தார்.

"மச்சான், இதப் போட்டுக்கிடுங்க. முழுக்கைச் சட்டை ஒண்ணும் கூட இருக்கு."

"நமக்கு எதுக்கு மாப்ள இதெல்லாம்? நாங்க வெவசாயக் குடும்பம்லா" என்றேன்.

குடும்பம் விவசாயக் குடும்பம்தான், அதில் பொய்யில்லை. ஆனால் அது தாத்தாவோடு சரி. அப்பா அரசாங்க அலுவலகத்தில் பேனா பிடித்து ஓய்வு பெற்றார், நான் இன்னொரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருக்கிறேன். நான் கடைசியாகப் பராமரித்த பயிர், நாலாம் வகுப்பில் பஞ்சில் முளைக்கப் போட்ட அவரை விதை. அதுவும் அழுகிப்போனது.

வேலியெல்லாம் ஒரு கொடி பின்னிக் கிடந்தது. இலையின் ஓரம் ரம்பம் மாதிரி, மேலெல்லாம் பூனைமுடி.

"செந்தட்டி மாதிரி இருக்கே மச்சான். பட்டா அரிக்குமே" என்றார் மாப்பிள்ளை.

"செந்தட்டி வேற, இது வேற."

செந்தட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் இது அது இல்லை என்பதில் உறுதியாக இருந்தேன். வெறுங்கையால் பிடித்து வேரோடு இழுத்தேன். உள்ளங்கையில் சுருக் சுருக்கென்றது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னும் வேகமாக இழுத்தேன். மாப்பிள்ளை கையுறையும் முழுக்கைச் சட்டையுமாக, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, வங்கியில் கொள்ளையடிக்கப் போகிறவர் மாதிரி நிதானமாக வேலை செய்தார். பிடுங்கியதையெல்லாம் ஒரு குவியலாகப் போட்டோம். பிளாஸ்கில் டீ கொண்டு போயிருந்தோம். உட்கார இடம் தேடினேன். கல் சுட்டது. குவியல் மெத்தென்று இருந்தது. அதன்மேல் துண்டை விரித்து, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொட்டு விடாமல் டீ குடித்தேன்.

என் பைக்கில் எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வரும்போது பாதி வழியில் அது ஆரம்பித்தது. முதலில் தொடையின் பின்பக்கம் ஒரு குத்தல். அப்புறம் எரிச்சல். அப்புறம் எது குத்தல், எது எரிச்சல், எது அரிப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நிலை. பைக்கின் சீட் வெயிலில் வேறு காய்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வரும்போது நான் இருபக்கமும் கால் ஊன்றி நின்றபடியேதான் வண்டி ஓட்டினேன். தெரிந்தவர் ஒருவர் டீக்கடையிலிருந்து, "என்ன அண்ணாச்சி, சர்க்கஸா?" என்றார். நான் மரியாதையாகத் தலையாட்டினேன். கையை எடுக்க முடியாது, எடுத்தால் அது வேறு எங்காவது போய்விடும்.

வீட்டில் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, என்ன நெளியுத?"

"அரிக்கி."

"எங்கன?"

"பொதுவா."

அம்மா அதை நம்பவில்லை. என் மனைவி மட்டும் அறைக்குள் வந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடினாள். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்த எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. உட்கார்ந்து கோபப்பட முடியவில்லை என்பதால் நின்றுகொண்டே கோபப்பட்டேன்.

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் காரணம் மூன்றுதான். சூடு, கருவாடு, கண்ணேறு. செடி என்ற காரணம் அந்தப் பட்டியலில் கிடையாது. நானும் கொடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால் கையுறை கதையும் சேர்ந்து வெளியே வரும். அதனால் கருவாடு என்ற தீர்ப்பை ஏற்றுக்கொண்டேன். மனைவி, "எதுக்கும் தோல் டாக்டர்ட்ட காட்டிருவோம்ங்க" என்றாள்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "ஏட்டி, சங்கரன்கோயில்ல இருந்துக்கிட்டு தோலுக்கு டாக்டரா? எங்கெங்க இருந்தோ பஸ் ஏறி நம்ம கோயில் புத்துமண்ணு வாங்க வாராவ. நாம டாக்டர்ட்ட போறதப் பாத்தா சாமி என்ன நெனைக்கும்?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் புற்றுமண் பிரசாதம். தேள்கடி, தேமல், சொறி, சிரங்கு எதற்கும் அதைக் குழைத்துப் பூசுவதுதான் ஊர் வழக்கம். எங்கள் வீட்டில் அது பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் சாமி படத்துக்குக் கீழே எப்போதும் இருக்கும். அம்மா டப்பாவின் அடியில் கிடந்ததை வழித்துக் குழைத்துக் கொடுத்தாள். பூசிக்கொண்டு குப்புறப் படுத்தேன். விடிந்தபோது பாதி குறைந்திருந்தது. அம்மா மனைவியைப் பார்த்த பார்வையில் ஒரு தேர்தலில் ஜெயித்த களை இருந்தது.

டப்பா காலியாகிவிட்டதால் அப்பாவைக் கோயிலுக்கு அனுப்பினாள். அப்பா சோம்பேறி என்று சொல்லமாட்டேன், சொன்னால் சோம்பேறிகள் வருத்தப்படுவார்கள். டிவி ரிமோட் கைக்கு எட்டாவிட்டால் ஓடுகிற சேனலையே பிடித்துப்போய்விடும் மனிதர் அவர். ஆடித் தபசுத் திருவிழா முடிந்தும் கோயிலில் கூட்டம் குறையாத சமயம். போய்வர எப்படியும் ஒரு மணி நேரமாவது பிடிக்கும் என்று நினைத்தோம். அவருக்குப் போட்டு வைத்திருந்த காப்பி ஆறுவதற்குள் டப்பா நிறைய மண்ணோடு வந்துவிட்டார். சாமியே அவரைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டதாக அம்மா மகிழ்ந்தாள். நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அரிப்பு எடுத்தவனுக்கு எதையும் யோசிக்க நேரமில்லை.

புது மண்ணைப் பூசியதும் அரிப்பு ஏறியது. ஏறியதால் இன்னும் பூசினோம். பூசியதால் இன்னும் ஏறியது. தொடையில் இருந்தது கைக்கு வந்தது, கையிலிருந்து கழுத்துக்கு. "உள்ள கெடந்த சூடெல்லாம் வெளிய வருது. நல்லதுதான்" என்றாள் அம்மா. குடும்ப வாட்ஸப் குழுவில் என் கழுத்துப் படத்தைப் போட்டுவிட்டாள். மதுரைச் சித்தி குப்பைமேனி அரைக்கச் சொன்னாள். கோவில்பட்டிப் பெரியப்பா கத்திரிக்காயை நிறுத்தச் சொல்லிக் குரல் செய்தி அனுப்பினார். ஒருவர் படத்தைச் சரியாகப் பார்க்காமல் ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று கேக் படம் போட்டார், அதற்கு நாலு பேர் கைதட்டினார்கள்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டேன். எனக்கிருந்த கவலை ஒன்றுதான். காதுகுத்து நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கழுத்தோடு போய் அத்தை முன்னால் நின்றால் குழந்தையை என் பக்கத்தில்கூடக் கொண்டுவர மாட்டார். அந்தப் பெஞ்சுப் பலகைக்காரன் உட்கார்ந்துவிடுவான். இரவில் கனவில்கூட அவன் மடியைத் தட்டிக்கொண்டு தயாராக இருந்தான்.

அப்போதுதான் பெரிய இடியாக, மண் குழைத்துக் கொடுத்த மனைவிக்குக் கையெல்லாம் தடித்தது. அடுத்து அம்மாவுக்கு. எதையும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் பளபளவென்று இருந்தார்.

"இது ஒட்டுவாரொட்டிலே" என்று அம்மா முதல்முறையாகப் பயந்தாள். "வீடே படுத்தாச்சு. பிள்ளைக்கு ஒட்டிட்டுன்னா நான் என்ன செய்வேன்?"

பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று கேட்டதும் மடி, உரிமை, போட்டி எல்லாம் மறந்துபோனது. செருப்பை மாட்டிக்கொண்டு மனைவியோடு டாக்டரிடம் போனேன்.

தோல் டாக்டர் ஒரு இளம் பெண். என் கழுத்தைப் பார்த்தார், மனைவியின் கையைப் பார்த்தார். தொடையைக் காட்டச் சொன்னபோது நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"காட்டுல எங்கயாவது கொடியப் பிடுங்குனீங்களா சார்? இலையில முள்ளு முள்ளா முடி இருக்குமே?"

மனைவி என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். குவியலின்மேல் உட்கார்ந்து டீ குடித்த கட்டத்தில் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

"செந்தட்டிதான். அது நோய் இல்ல சார், யாருக்கும் ஒட்டாது. அந்த முடி ஒட்டிக்கிட்டிருந்தாதான் ஒட்டும். பட்ட உடனே தேய்க்காம, சொறியாம, டேப்ப ஒட்டி ஒட்டி எடுத்தா முடி வந்திரும். அப்புறம் சோப்புப் போட்டு நல்லா ஓடுத தண்ணியில கழுவணும். ஈரத்துணிய வச்சு ஒத்தடம் குடுக்கலாம். அன்னைக்குப் போட்டிருந்த துணியையும் துண்டையும் தனியாத் துவைக்கணும். பிடுங்குனதக் கொளுத்திராதீங்க, புகை கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. இனிமே கையுறை போடாமத் தொடாதீங்க."

"அவிய வெவசாயக் குடும்பம் டாக்டர்" என்றாள் மனைவி.

டேப் என்றதும் எனக்கு மாப்பிள்ளை ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்த மனிதரின் பைக் பெட்டியில் மூன்று டேப் இருந்தது.

டாக்டர் ரோஸ் நிறத்தில் ஒரு லோஷனும், அரிப்புக்கு மாத்திரையும் எழுதினார். மாத்திரை தூக்கம் வரவழைக்கும், வண்டி ஓட்டக்கூடாது என்றார். (மறுநாள் அலுவலகத்தில் மதியம்வரை தூங்கினேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.) ஒட்டாது என்பதை அத்தை பெயருக்கு ஒரு தாளில் எழுதித்தர முடியுமா என்று கேட்டேன். அப்படியெல்லாம் வழக்கமில்லை என்றார். கிளம்பும்போது அவர் ஒன்று கேட்டார்.

"ஆனா இது ரெண்டு மூணு நாள்ல அடங்கியிருக்கணுமே. உங்களுக்குக் கூடிக்கிட்டே வருது. தொடாத வீட்டம்மாவுக்கும் வந்திருக்கு. என்னத்த சார் பூசுனீங்க?"

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். மண்ணுக்குள் காய்ந்த இலைத்தூள். ரம்ப ஓரம். மனைவி டப்பாவை மூடினாள். மூவரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா டிவியைப் பார்த்தார், டிவி ஓடவில்லை.

"யப்பா, இது எந்தப் புத்து மண்ணு?"

"புத்துல என்னலே எந்தப் புத்து? எல்லாப் புத்தும் நாகராசா புத்துதான?"

"எந்தப் புத்து?"

"வரிச தேரடி வரைக்கும் நிக்கின்னு பக்கத்து வீட்டுல சொன்னாவ. அதான் நம்ம பின்னால காலி மனையில கெடக்கே, அதுல அள்ளினேன்."

காலி மனைப் புற்று எங்களுக்குத் தெரியும். புற்று வெளியே தெரியாதபடி கொடி மூடிக் கிடக்கும். அது என்ன கொடி என்று அன்றுவரை யாரும் கேட்டதில்லை.

"உங்களுக்கு ஏன் கை அரிக்கல?" என்றாள் அம்மா. அவள் குரல் கோயில் மணி ஓய்ந்த பிறகு வருமே, அப்படி ஒரு அமைதியில் இருந்தது.

"நான் பாம்பு இருக்கும்னு கேரி பேக்க கையில மாட்டிக்கிட்டுல்லா அள்ளினேன்."

வீட்டிலேயே தடுப்பு முறையைச் சரியாகக் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான். அதை நான் பாராட்டும் நிலையில் இல்லை. அம்மா அந்த அமைதியிலிருந்து வெளியே வரும்போது தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏலே, மதினி வேர்க்குருன்னு கேட்டாவன்னு இதுலதான் ஒரு பொட்டலம் மடிச்சு, கடைச் சரக்கு எடுக்க வந்த மாப்பிள்ளைட்ட குடுத்து விட்டேன்."

மதினி என்று அம்மா சொல்வது அத்தையை. எனக்குத் தொடை, கழுத்து எல்லாம் ஒரு நிமிடம் அரிப்பதை நிறுத்தின.

அன்று மாலையே தங்கை போனில் கூப்பிட்டாள். பக்கத்தில் ஆள் இருக்கும்போது பேசுகிற மெதுவான குரல். "அண்ணே, அத்தைக்கு முதுகு கழுத்தெல்லாம் தடிச்சுக் கெடக்கு. நீ அன்னைக்குக் கோயில்ல இவியகூட வேல பாத்தேல்லா, உன்ட்ட இருந்து இவியளுக்கு வந்து, இவிய மூலமா தனக்கு ஒட்டிட்டுங்காவ. காதுகுத்துக்குத் தங்கச்சி மகன் மடிதான்னு முடிவே பண்ணிட்டாவ. வேட்டிகூட எடுத்தாச்சு." கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. "உன் மடியில இல்லாம எதுக்குண்ணே காது குத்தணும்?"

போனை அத்தையிடம் கொடுக்கச் சொன்னேன். அந்த மண்ணை மட்டும் பூசாதீர்கள் என்று கெஞ்சினேன்.

"கோயில் மண்ண பூசாதேங்கியா? எந்தக் கட்சியில சேந்த?" என்றார் அத்தை. "இன்னும் ரெண்டு பூச்சு பூசத்தான் போறேன்."

உண்மையைச் சொன்னால்தான் நிறுத்துவார். உண்மையைச் சொன்னால் சம்பந்தி வீட்டுக்குக் காலி மனை மண்ணைக் கோயில் பிரசாதம் என்று கொடுத்த குடும்பம் என்று ஆகிவிடும். மடி போவது மட்டுமில்லை, தங்கை அங்கே தலைநிமிர்ந்து நடக்க முடியாது. இரவு முழுக்க அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அப்பா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

காலையில் எழுந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாற்காலியில் ஆள் இல்லாமல் பார்த்தது அபூர்வம் என்பதால் கொஞ்சம் பயந்துதான் போனேன். வெயில் ஏறிய பிறகு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் கோயில் மண், நெற்றியில் திருநீறு. வரிசையில் நின்றிருக்கிறார்.

"கெளம்பு. வாசுதேவநல்லூர் போவோம். நானே சொல்லுதேன்" என்றார்.

அப்பா பேரில் அதுவரை எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நனைந்த சட்டையைப் பார்த்ததும் வடிந்துபோனது. பஸ்ஸில் இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். அப்பா எனக்குத் துணையாக நிற்பார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஒரே நாளில் அவ்வளவு மாறிவிட முடியாதே.

அத்தை வீட்டில் கால் கழுவினோம், கை கழுவினோம். அத்தை முன்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்திலும் கையிலும் மண் பூசிக்கொண்டு, எலுமிச்சைக்கு மருந்தடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்.

அப்பா கோயில் பொட்டலத்தை எடுத்து நாற்காலிக் கைப்பிடியில் வைத்தார். "தங்கச்சி, இதுதான் கோயில் மண்ணு. முன்ன குடுத்தது எங்க வீட்டுப் பின்னால காலி மனை மண்ணு. அதுல செந்தட்டி கெடந்திருக்கு. கோயில் வரைக்கும் நடக்கச் சடச்சுக்கிட்டு நான்தான் அள்ளினேன். என் வீட்டுக்காரிக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. டாக்டர்ட்டயும் கேட்டாச்சு, அவன்ட்ட இருக்கது நோவு இல்ல, யாருக்கும் ஒட்டாது. என்னைய என்ன வேணாலும் பேசிக்கிடுங்க. பிள்ளைய மட்டும் அவன் மடியில வைங்க."

அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. உள்கதவுப் பக்கம் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். மாப்பிள்ளை ஒரு டேப்பை உருட்டிக்கொண்டிருந்தார். அத்தை தன் கையில் இருந்த மண்ணைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். மூக்கு விடைத்தது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அத்தை குலுங்கினார். அழுகிறார் என்று தங்கை ஓடி வந்தாள். அழவில்லை. சிரிப்பு அடங்கி, தண்ணீர் குடித்து, அதற்கப்புறம்தான் பேச்சு வந்தது.

"அண்ணாச்சி, போன சீசனுக்குக் குத்தாலத் தீர்த்தம்னு ஒரு பாட்டில் குடுத்து விட்டேன்லா?"

"ஆமா. அவ சாமிகிட்ட வச்சிருக்கா. நல்ல நாள் பெரிய நாளுக்கு வீடெல்லாம் தெளிப்பா."

"அது எங்க வீட்டு போர் தண்ணி."

மாப்பிள்ளை கையிலிருந்த டேப் தரையில் உருண்டு ஓடியது.

"மதினி கேட்டாவளேன்னு சரின்னுட்டேன். அருவியில கூட்டம். அத்தன பேரு குளிச்ச தண்ணியப் பிடிக்க எனக்குக் கூசுச்சு. நல்ல சுத்தமான தண்ணியாக் குடுப்போம்னு வீட்டுல வந்து பிடிச்சேன்" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே, அங்கன என்ன நிக்க? உள்ள வா. மடி மாமன் மடிதான். ஆனா அன்னைக்கு ரெண்டு தரம் குளிச்சிட்டு வரணும், புதுவேட்டி கட்டணும், கேட்டியா?"

நான் தலையாட்டினேன். மாப்பிள்ளை அத்தையின் கழுத்தில் டேப் ஒட்டி எடுக்கத் தொடங்கினார். வீட்டுக்குப் போனதும் தீர்த்தம் விஷயத்தை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று பஸ்ஸில் அப்பாவும் நானும் முடிவு செய்தோம். வருடம் முழுக்க போர் தண்ணி தெளித்தும் வீட்டுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

காதுகுத்து அன்று இரண்டு தரம் குளித்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு தரமும் குளித்தேன். என் கழுத்திலும் அத்தையின் கழுத்திலும் ஒரே ரோஸ் லோஷன். இரு வீட்டுக்கும் ஒரே நிறத்தில் துணி எடுப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான், இது கொஞ்சம் அதிகப்படி. மொட்டை சிரமமில்லாமல் முடிந்தது. சந்தனம் பூசிய தலையோடு குழந்தை என் மடியில் உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் கணக்குக் கேட்பது போலப் பார்த்தாள். தொடையில் தடிப்பு இன்னும் முழுதாக ஆறவில்லை, பட்டுவேட்டி உரசியது. ஆனால் உட்கார்ந்திருந்தேன்.

ஆசாரி ஊசியை எடுத்தார். "மாமா, பிள்ளையோட தலையப் பிடிச்சுக்கிடுங்க. அசையக்கூடாது."

ஊசி காதில் இறங்கியதும் குழந்தை வீறிட்டாள். வீறிட்ட வேகத்தில் என் மடியை நனைத்துவிட்டாள். கொஞ்சமாக இல்லை, தாராளமாக. சொறிந்து சொறிந்து தோல் பெயர்ந்திருந்த இடத்தில் எல்லாம் அது இறங்கியது. உப்பு எப்படி எரியும் என்று சமையலறையில் விரலை வெட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைப் பிடித்திருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"மாமன்காரனுக்குப் பாசத்தப் பாத்தியளா" என்றார் அத்தை, பக்கத்தில் நின்றவர்களிடம்.

முதல் காதுக்கு வந்தது எரிச்சலில் வந்த கண்ணீர்தான். இரண்டாவது காது முடிந்ததும் குழந்தை விக்கிக்கொண்டே திரும்பி, தடித்துப்போயிருந்த என் விரலை எட்டிப் பிடித்துக்கொண்டு, சந்தனத் தலையை என் சட்டையில் சாய்த்துக்கொண்டாள். அப்போதும் கண்ணீர் வந்தது. அது வேறு.

பெஞ்சுப் பலகைக்காரன் துண்டோடு ஓடி வந்தான். நல்ல பையன்தான், பாவம்.

"அண்ணே, வேட்டியெல்லாம் நனஞ்சிட்டே. பிள்ளைய நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கட்டுமா? எரியலயா?"

"எரியத்தான் செய்யுது" என்றேன். கொடுக்கவில்லை.